பத்திரத்தில் 'இன்ட்ரஸ்ட்' வந்தால் வட்டியா, ஆர்வமா?

வாசகர் கேள்வி:

வணக்கம் அம்மா. எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்பதால் ஆங்கிலப் பத்திரங்களைத் தமிழாக்கித் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் துபாயில் வேலை பார்க்கும் ஒருவர், பூர்வீக வீட்டில் தன் பங்கைத் தங்கைக்கு விட்டுக்கொடுப்பதற்கான விடுதலைப் பத்திரத்தின் ஆங்கில வரைவை அனுப்பியிருந்தார். அதில் 'ஆல் மை ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட்' என்று ஒரு வரி. கணினியில் போட்டால் 'என் உரிமை, தலைப்பு மற்றும் வட்டி' என்று வந்தது. வட்டி தப்பு என்று புரிந்து 'ஆர்வம்' என்று மாற்றினேன். பத்திர எழுத்தர் அண்ணாச்சி பார்த்துவிட்டு, "அண்ணன்காரனுக்கு வீட்டு மேல ஆர்வம் இல்லன்னு எழுதி ரிஜிஸ்தர் பண்ணச் சொல்றியா?" என்று சத்தம் போட்டுவிட்டார். பதிவுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஒரே சொல்லுக்கு வட்டி, ஆர்வம் என்று சம்பந்தமே இல்லாத அர்த்தங்கள் எப்படி வந்தன? எந்த இடத்தில் எதை எழுதுவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

அன்புள்ள தம்பி,

எட்டு நாள்தான் இருக்கிறது என்பதால் கையில் இருக்கும் வரியை முதலில் முடித்துவிடுவோம். அந்த இடத்தில் வட்டியும் வராது, ஆர்வமும் வராது. நம் பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் சொல் ஒன்று இருக்கிறது: பாத்தியம். 'மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல உரிமை பாத்தியங்களையும் உனக்கு விட்டுக்கொடுத்து விடுதலை செய்திருக்கிறேன். இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது' என்று எழுதுங்கள். அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்.

ஆங்கில வக்கீல்கள் மூன்று சொல்லை அடுக்குவது, எந்த வகை உரிமையும் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடக் கூடாது என்பதற்காக. நம் பத்திரத் தமிழில் 'உரிமை, பாத்தியம், பின்தொடர்ச்சி' என்ற அடுக்கு அதே வேலையைச் செய்கிறது. ரைட்டுக்கு ஒன்று, டைட்டிலுக்கு ஒன்று, இன்ட்ரஸ்ட்டுக்கு ஒன்று என்று எதிரெதிரே நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. பாத்தியம் பழைய வடசொல்லாயிற்றே என்றும் தயங்க வேண்டாம். பத்திரம் என்பது நாற்பது வருஷம் கழித்து நீதிமன்றத்தில் ஒருவர் படித்துப் பார்க்கப்போகும் காகிதம். அவருக்குப் பழகிய சொல்லே அங்கே பாதுகாப்பு.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மதுரையில் நீதிமன்றக் காகிதங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவள் நான். என்னைக் கேட்டால், ஆங்கிலத்தில் அதிகம் ஏமாற்றும் சொற்களில் இது ஒன்று. எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதால் யாரும் அகராதியைத் திறப்பதில்லை, அதுதான் ஆபத்து.

வேர் லத்தீன். 'இன்டர்' என்றால் இடையே, 'எஸ்ஸே' என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்து இன்டெரெஸ்ஸே: இடையில் இருப்பது. எதற்கு எதற்கு இடையில்? ஒரு காரியம் நடந்தால் எனக்கு ஒரு நிலை, நடக்காவிட்டால் வேறு நிலை. அந்த இரண்டு நிலைக்கும் நடுவே கிடக்கும் வித்தியாசம்தான் அது. லத்தீனில் 'இன்டெரெஸ்ட்' என்பது முழு வினைமுற்று. 'அதனால் வித்தியாசம் உண்டு, அது முக்கியம்' என்று பொருள். இதை நாம் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, தெருவில் தினமும் பேசுகிறோம். "எனக்கென்ன வந்துச்சு?" "உனக்கென்ன போச்சு?" இந்த இரண்டு கேள்விக்கும் பதிலாக எது வருமோ அதுதான் இன்ட்ரஸ்ட். வருவதும் போவதும். எனக்கு ஒன்றும் வரவில்லை, ஒன்றும் போகவில்லை என்றால் அதில் எனக்கு இன்ட்ரஸ்ட் இல்லை.

இந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டால் எல்லா அர்த்தத்துக்கும் போய்ச் சேரலாம்.

வட்டி எப்படி வந்தது என்று பாருங்கள். இடைக்கால ஐரோப்பாவில் கடனுக்கு மேல் பணம் வாங்குவதைக் கிறிஸ்தவத் திருச்சபை பாவம் என்று தடுத்து வைத்திருந்தது. அதற்குப் பெயர் 'உசூரா'. ஆனால் கடன் வாங்கியவன் சொன்ன தேதியில் திருப்பித் தராவிட்டால் கொடுத்தவனுக்கு நஷ்டம் உண்டல்லவா? தேதியில் பணம் வந்திருந்தால் அவன் எந்த நிலையில் இருந்திருப்பான், இப்போது எந்த நிலையில் இருக்கிறான், நடுவே உள்ள வித்தியாசம் எவ்வளவு? அந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்கலாம் என்று சட்டம் படித்தவர்கள் அனுமதித்தார்கள். அதைத்தான் இன்டெரெஸ்ஸே என்றார்கள். தவணை தப்பியதற்கான நஷ்ட ஈடாகத் தொடங்கியது, போகப்போகக் கடனுக்கான வழக்கமான கூலிக்கே பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் 1545-இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் நூற்றுக்குப் பத்து வரை வாங்கலாம் என்றது. 1552-இல் அதை ரத்து செய்தார்கள், 1571-இல் முதலாம் எலிசபெத் காலத்தில் மீண்டும் கொண்டுவந்தார்கள். பாவப் பட்டியலில் இருந்தது சட்டப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்த கதை இது.

சொத்துரிமை என்ற பொருள் இதற்கும் மூத்தது. 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் ஒரு பொருளின்மேல் ஒருவருக்கு உள்ள சட்டப்படியான உரிமையைக் குறித்தது. மனசு ஒன்றை நாடுகிறது என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. 'இன்ட்ரஸ்டிங்' என்ற சொல்கூட அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 'முக்கியமான' என்ற பொருளில்தான் இருந்தது, 'சுவாரசியமான' என்பது பிறகு வந்தது. பள்ளிக்கூடத்தில் நமக்கு முதலில் சொல்லித்தருவது 'ஆர்வம்'. குடும்பத்தில் கடைசியாகப் பிறந்த பிள்ளையைக் காட்டி, இதுதான் வீட்டுக்குப் பெரியவர் என்று அறிமுகம் செய்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. பழைய சட்டத்தைத் திறக்கும்போது நீங்கள் சந்திப்பது அந்தக் குடும்பத்தின் மூத்தவர்களை.

தமிழில் வட்டிக்கும் ஆர்வத்துக்கும் எந்த உறவும் இல்லை. சங்கப் பாட்டில் 'வட்டி' என்று வந்தால் அது ஓலைப்பெட்டி, கடன் வட்டியோடு அதைச் சேர்த்துப் படிக்கக் கூடாது. சோழர் காலத்தில் நம்மவர்கள் வட்டியைப் 'பொலிசை' என்றார்கள். 'பலிசை' என்றும் எழுதியிருக்கிறார்கள். நெல்லடிக்கும் களத்தில் 'பொலி' என்கிறோமே, பெருகுவது என்ற பொருளில், அந்தப் பொலிதான். மலையாளிகள் இன்றும் வங்கியில் 'பலிச' என்றுதான் சொல்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்ச்சபைகள் கோயிலிடம் காசு வாங்கி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை கொடுக்க ஒப்புக்கொள்கின்றன. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு, வருஷத்துக்கு பன்னிரண்டரை சதவீதம். இன்று ஊரில் 'ஒரு ரூபாய் வட்டி' என்கிறோமே, வருஷத்துக்குப் பன்னிரண்டு, கிட்டத்தட்ட அதே கணக்கு. நாம் வட்டியைப் பெருக்கமாகப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் நஷ்ட ஈடாகப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த இடமே வேறு. அதனால்தான் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று இங்கே வரவே வராது.

இப்போது ஒரு சட்ட வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 58. அடமானம் என்றால் என்ன என்று சொல்லும் இடம். முதல் வாக்கியம், அடமானம் என்பது ஒரு குறிப்பிட்ட அசையாச் சொத்தில் உள்ள 'ஆன் இன்ட்ரஸ்ட்'டை (an interest) மாற்றிக்கொடுப்பது என்கிறது. அடுத்த வாக்கியமே, 'பிரின்சிபல் மணி அண்ட் இன்ட்ரஸ்ட்' சேர்ந்ததுதான் அடமானத் தொகை என்கிறது. ஒரே பத்தி, ஒரே சொல். முதலாவது உரிமை, இரண்டாவது வட்டி. வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது 'ஆன்' (an) என்ற அந்தச் சின்ன முன்சொல்தான். வட்டி என்ற பொருளில் வரும்போது அதற்கு 'ஆன்' சேராது, பன்மையும் ஆகாது. உரிமை, பங்கு என்ற பொருளில் வந்தால் 'ஆன்' சேரும், பன்மையும் ஆகும்.

அதே பிரிவில் நம்மூர் ஒத்தியும் வருகிறது, போக்கியம் என்றும் சொல்வோமே. பணம் கொடுத்தவர் வீட்டில் குடியிருப்பார், அல்லது வாடகையை எடுத்துக்கொள்வார், அது 'இன் லூ ஆஃப் இன்ட்ரஸ்ட்', அதாவது வட்டிக்குப் பதிலாக. 'பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதைத்தான் அந்தச் சட்டம் மூன்று வரியில் சொல்கிறது. ஒத்திப் பத்திரம் ஒன்று உங்கள் கடைக்கு வந்தால் உரிமையும் வட்டியும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும், கவனம். பிரிவு 54-ம் முக்கியம். கிரைய ஒப்பந்தம் போட்ட மாத்திரத்தில் அந்தச் சொத்தில் எந்த இன்ட்ரஸ்ட்டும் உண்டாகாது என்கிறது அது. அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டதும் வீடே தனதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அந்த வரியில் 'எந்த வட்டியும் உண்டாகாது' என்று எழுதினால் படிப்பவருக்கு எச்சரிக்கையே போய்ச் சேராது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு பாட்டியிடம். வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம். வெளிநாட்டில் இருந்த மகனுக்கு வீட்டைச் செட்டில்மென்ட் எழுதிக்கொடுக்க அந்த அம்மாள் வந்திருந்தார். மகன் சொன்னபடி வக்கீல் ஆங்கிலத்தில் வரைவு போட்டிருந்தார். கைநாட்டு வைக்கிறவருக்குப் படித்துக்காட்டத் தமிழ் வேண்டும் என்று என்னிடம் வந்தது. 'ரிசர்விங் லைஃப் இன்ட்ரஸ்ட்' என்ற இடத்தில் 'ஆயுட்கால வட்டியை நிறுத்திவைத்துக்கொண்டு' என்று எழுதியிருந்தேன். உரக்கப் படித்துக்கொண்டு வருகிறேன், அந்த வரி வந்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார். "வட்டி எதுக்கும்மா எனக்கு? நான் குடியிருக்கிற வீடு சாகிற மட்டும் எனக்கு உண்டுமா, இல்லையா? அதச் சொல்லு."

அந்த வரைவின் உயிரே அந்த இரண்டு வார்த்தையில்தான் இருந்தது. வீடு மகனுக்கு, ஆனால் தாய் உயிரோடு இருக்கும்வரை அவரை யாரும் எழுந்து போகச் சொல்ல முடியாது. அந்தப் பாதுகாப்பை நான் வட்டி என்று எழுதி அழித்திருந்தேன். அவர் கேட்காமல் கைநாட்டு வைத்திருந்தால்? அன்றே உட்கார்ந்து, 'என் ஆயுள் உள்ளவரை மேற்படி வீட்டில் நானே குடியிருந்து அனுபவித்துக்கொள்ளும் உரிமையை எனக்கு நிறுத்திவைத்துக்கொண்டு' என்று மாற்றினேன். அன்று முதல் இந்தச் சொல் எங்கே வந்தாலும் பேனாவை வைத்துவிட்டு அந்த அம்மாளின் கேள்வியைத்தான் கேட்கிறேன்: யாருக்கு என்ன உண்டு? யாருக்கு என்ன போகும்? பதில் வந்த பிறகு தமிழ்ச் சொல் தானே வரும்.

சில அடையாளங்கள் உதவும். பின்னால் 'ஆன்' (on; மேலே சொன்ன an வேறு) என்ற முன்னிடைச்சொல் வந்தால், 'இன்ட்ரஸ்ட் ஆன் தி லோன்' என்பது போல, பெரும்பாலும் வட்டி. 'இன்' வந்தால் ஆர்வமாகவும் இருக்கலாம், உரிமையாகவும் பங்காகவும் இருக்கலாம். 'இன்' பக்கத்தில் இருப்பது கிரிக்கெட்டா, வீட்டுமனையா, கம்பெனியா என்று பார்த்தால் தெரிந்துவிடும். 'இன் தி இன்ட்ரஸ்ட் ஆஃப்' என்றால் நலன். குழந்தையின் நலன் கருதி, நீதியின் நலன் கருதி. 'வித் இன்ட்ரஸ்ட்' மட்டும் இரண்டு பக்கமும் பேசும். 'லிசன்ட் வித் இன்ட்ரஸ்ட்' ஆர்வத்தோடு கேட்டது, 'ரீபெய்ட் வித் இன்ட்ரஸ்ட்' வட்டியும் முதலுமாகக் கொடுத்தது. வினைச்சொல்லைப் பார்க்காமல் அங்கே கைவைக்க முடியாது.

நலன் என்ற பொருளுக்கு நாம் எல்லாரும் அறிந்த சான்று பொதுநல வழக்கு. ஆங்கிலத்தில் அது 'பப்ளிக் இன்ட்ரஸ்ட்'. யாரும் அதை மக்கள் ஆர்வ வழக்கு என்று எழுதவில்லை, நல்லவேளை. மக்கள் ஆவலோடு எட்டிப் பார்க்கும் விஷயம் வேறு, மக்களுக்கு நன்மை தரும் விஷயம் வேறு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இல் பிரிவு 8(2) இதையே தராசில் வைக்கிறது: தகவலை வெளியிடுவதால் பொதுமக்களுக்கு உண்டாகும் நன்மை ஒரு தட்டில், காக்கப்படும் நலன்களுக்கு நேரும் கேடு மறுதட்டில். முதல் தட்டு கனமாக இருந்தால் தகவலைக் கொடுக்கலாம். ஒரு நடிகரின் மருத்துவக் கோப்பைப் பார்க்க ஊரே ஆசைப்படலாம். அந்த ஆசையை அந்தத் தட்டில் வைக்க இடமில்லை.

உங்களுக்கு இனிமேல் வரக்கூடிய, நான் அடிக்கடி தப்பாகப் பார்த்த சில இடங்களையும் சொல்கிறேன். குற்ற வழக்குத் தீர்ப்புகளில் 'இன்ட்ரஸ்டெட் விட்னஸ்' வரும். 'ஆர்வமுள்ள சாட்சி' என்று எழுதி வைத்திருப்பார்கள். படித்தால் சாட்சி சொல்ல ஓடோடி வந்தவர் போல இருக்கும். பொருள் அதுவல்ல, வழக்கின் முடிவால் ஆதாயம் அடையக்கூடிய சாட்சி. இறந்தவரின் மனைவி சாட்சி சொன்னால் அவர் உறவினர்தான், அதனாலேயே ஆதாயம் தேடுகிற சாட்சி ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொன்னது. ஒரு பெண் தன் கணவன் வெட்டப்பட்டதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறாள், அவள் சாட்சியத்தின் எடை இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. 'ஆர்வமுள்ள' என்று போட்டால் அந்த வாதம் முழுக்கத் தமிழில் அர்த்தமற்றுப் போகும்.

இதற்கு எதிர்ச்சொல் 'டிஸ்இன்ட்ரஸ்டெட்'. ஆர்வமில்லாதவர் என்று மொழிபெயர்ப்பது சகஜமான தப்பு. அது 'அன்இன்ட்ரஸ்டெட்'. டிஸ்இன்ட்ரஸ்டெட் என்றால் தனக்கு லாபமோ நஷ்டமோ இல்லாத, ஒரு பக்கம் சாயாதவர். பஞ்சாயத்துக்கு நமக்கு வேண்டியவர் இவர்தான். தூங்கி வழிகிறவரும் இவரும் ஒன்றல்ல.

'வெஸ்டட் இன்ட்ரஸ்ட்' இன்னும் மோசம். செய்தித்தாளில் வந்தால் அது தன் ஆதாயத்துக்காகக் காரியத்தைத் தடுக்கும் சுயநலக்காரர்களைக் குறிக்கும், கெட்ட பெயர். சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 19-இல் வந்தால் அதில் கெட்டது ஒன்றும் இல்லை. ஒருவருக்கு உறுதியாகிவிட்ட உரிமை, சொத்து கைக்கு வருமுன்னே அவர் இறந்தாலும் அவர் வாரிசுக்குப் போகிற உரிமை. பேரன் பெயருக்குத் தாத்தா எழுதிவைத்த நிலத்தைப் பற்றிய வரியில் 'சுயநலம்' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு காரியம் நடந்தால்தான் உண்டு, நடக்காவிட்டால் இல்லை என்று தொங்கலில் நிற்கும் உரிமை 'கன்டின்ஜன்ட் இன்ட்ரஸ்ட்', பிரிவு 21.

வெளிநாட்டுக்காரர்களின் பவர் பத்திரம் உங்களுக்கு நிறைய வரும். அதில் 'கப்புள்டு வித் இன்ட்ரஸ்ட்' என்று பார்த்தால் நிதானியுங்கள். பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் சொந்தப் பாத்தியம் இருக்கிறது என்று அர்த்தம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 202-இன்படி, வெளிப்படையான ஒப்பந்தம் இல்லாமல், அந்தப் பாத்தியத்துக்குப் பாதகமாக அப்படிப்பட்ட பவரை முறித்துவிட முடியாது. 'ஆர்வத்தோடு கூடிய பவர்' என்று தமிழில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவருக்கு, தான் எதைக் கொடுத்தோம் என்பதே தெரியாது.

காப்பீட்டுக் காகிதங்களில் 'இன்ஷுரபிள் இன்ட்ரஸ்ட்' வரும். இதற்குப் பின்னால் ஒரு வருத்தமான சரித்திரம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆட்களின் உயிர்மேல் பாலிசி எடுத்து, அவர் எப்போது சாவார் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1774-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஒருவரின் உயிர்மேல் இன்ட்ரஸ்ட் இருப்பவர்தான் அவர்மேல் பாலிசி எடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். ஆர்வம் என்று படித்தால் எப்படி இருக்கும் பாருங்கள், அடுத்தவர் சாவில் பந்தயக்காரனுக்கு இருந்ததைவிட ஆர்வம் வேறு யாருக்கு இருந்திருக்கும்? சட்டம் கேட்டது, அவர் போனால் உனக்கு உண்மையில் நஷ்டம் உண்டா என்பதை. மனைவிக்குக் கணவன், கடன் கொடுத்தவருக்குக் கடன் வாங்கியவர். லத்தீன் வேர் அப்படியே தெரிகிற இடம் இது. 'இழப்புக்குள்ளாகும் தொடர்பு' என்று விளக்கமாகவே எழுதலாம்.

மனம் சம்பந்தப்பட்ட இடத்திலும் 'ஆர்வம்' என்ற ஒன்றையே எல்லாவற்றுக்கும் போட வேண்டாம். ஒரு வாத்தியார் மாணவன் படிப்பில் 'டுக் ஆன் இன்ட்ரஸ்ட்' என்றால் அவர் அக்கறை எடுத்துக்கொண்டார். கோலத்திலோ தோட்டத்திலோ ஒருத்திக்கு இருப்பது ஈடுபாடு. 'லாஸ்ட் இன்ட்ரஸ்ட்' என்றால் மனம் விட்டுப்போயிற்று. வரன் பார்க்கும் தளங்களில் இன்ட்ரஸ்ட் அனுப்பினார்கள் என்றால் விருப்பம் தெரிவித்தார்கள். குறள் 74-இல் 'அன்பு ஈனும் ஆர்வம் உடைமை' என்று வருகிறதே, அங்கே ஆர்வம் என்பது பிறர்மேல் வைக்கும் விருப்பம். நம்முடைய ஆர்வமும் தன் பயணத்தைத் தானே செய்து வந்திருக்கிறது.

எதிர்த் திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழ்ப் புரோநோட்டை ஆங்கிலத்தில் ஆக்கச் சொல்லி வருவார்கள். 'மாதம் ஒன்றுக்கு நூற்றுக்கு ரூ.2 வட்டி' என்று இருக்கும். சிலர் ஊர்ப் பேச்சில் 'ரெண்டு வட்டி' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அதை வெறும் இரண்டு சதவீதம் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், படிப்பவர் வருஷத்துக்கு என்று எடுத்துக்கொள்வார். ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுத்துவரும் கணக்கு, வருஷத்துக்கே 2,000 ரூபாய் என்று ஆகிவிடும். சரியான கணக்கு வருஷத்துக்கு 24 சதவீதம். காகிதத்தில் மாதம் என்று எழுதியிருந்தால் மறக்காமல் 'பெர் மந்த்' சேருங்கள். எழுதியிருக்காவிட்டால் நீங்களாகச் சேர்க்காதீர்கள், அவரிடம் கேட்டு, வக்கீலுக்குத் தெரியப்படுத்துங்கள். விகிதமே குறிக்காத புரோநோட்டுக்குச் செலாவணி முறிச் சட்டம் பிரிவு 80-இன்படி வருஷத்துக்கு 18 சதவீதம் என்று ஒரு கணக்கு தனியாக இருக்கிறது. ஆகவே ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் தொகை மாறும். கந்துவட்டிப் புகார் என்றால் இன்னும் ஜாக்கிரதை. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்படி குற்றமா இல்லையா என்பது நீங்கள் எழுதும் அந்த எண்ணைப் பொறுத்தும் இருக்கும்.

கணினி மொழிபெயர்ப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது கொடுத்த பிரதியில் 'வட்டி', 'ஆர்வம்' என்ற இரண்டு சொல்லையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் மூலத்தோடு வைத்துப் பாருங்கள். அஞ்சு நிமிஷ வேலை. சொத்துரிமையைக் குறிக்கும் 'டைட்டில்' தலைப்பாகிவிடும் என்பதால் 'தலைப்பு' என்ற சொல்லையும் அப்படியே தேடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். பதிவு ஆகாததால் நல்லதாயிற்று, பக்கத்தைத் திருத்தி மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பதிவு முடிந்திருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டியிருக்கும், அந்த அண்ணன் அதற்காகத் திரும்ப வரவோ, ஒருவருக்குப் பவர் கொடுக்கவோ வேண்டியிருக்கும். திருத்திய பிரதியை முதலில் அண்ணாச்சியிடம் காட்டுங்கள். அவர் சத்தம் போட்டது உங்களுக்கு நல்லதுதான், அவர் மௌனமாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிறகு அந்தத் தங்கையை உட்காரவைத்து முழுதும் உரக்கப் படித்துக்காட்டுங்கள், துபாயில் இருப்பவருக்குப் போனிலும். எந்த வரியில் அவர்கள் முகம் சுளிக்கிறதோ அந்த வரியை என்னிடம் அனுப்புங்கள். பெயரையும் சர்வே எண்ணையும் மறைத்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வரி சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினால் போதும், அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்.